பட்டாளத்துக்காரரின் உடம்பும் பேரும்: குடும்பத்தார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலூர்ப் பக்கம் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத ஊரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்று இன்னொரு பேரே உண்டு. என் அப்பாவும் பீரங்கிப் படையில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். அவருடைய மருத்துவக் கார்டுக்காக அலைந்ததில் எனக்கு இந்தக் காகித வேலை பழகிவிட்டது. பிறகு தெருவில் இருக்கிற மற்ற பெரியவர்களுக்கும் படிவம் நிரப்பிக் கொடுக்க ஆரம்பித்தேன். அப்போது திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே எழுதுகிறேன். பாதி சிகிச்சை பற்றியவை, பாதி நினைவு பற்றியவை. இரண்டிலுமே சிக்கல் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது: அந்த ஆளின் பேர் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா?

இ.சி.எச்.எஸ். என்றால் என்ன? ராணுவ ஆஸ்பத்திரியும் அதுவும் ஒன்றா?

ஒன்றல்ல. ராணுவ ஆஸ்பத்திரிகள் முதலில் பணியில் இருப்பவர்களுக்கானவை. ஓய்வு பெற்றவர்களுக்கும் அங்கே வைத்தியம் உண்டு. ஆனால் படுக்கை, நிபுணர், தூரம் எல்லாம் பார்த்தால் ஊரில் இருக்கிற முதியவருக்கு அது கட்டுப்படியாகாது. அதற்காகத்தான் 2003 ஏப்ரல் 1 முதல் முன்னாள் படைவீரர் பங்களிப்பு சுகாதாரத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் ஆங்கிலப் பெயரின் சுருக்கம்தான் இ.சி.எச்.எஸ். தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றுக்கும் பொது. நாடு முழுக்க நானூறுக்கும் மேற்பட்ட பாலிகிளினிக்குகள், அதாவது இந்தத் திட்டத்தின் சொந்த மருத்துவ நிலையங்கள், இருக்கின்றன. அங்கே முடியாததை அங்கீகாரம் பெற்ற தனியார் ஆஸ்பத்திரிக்கு எழுதி அனுப்புவார்கள். பில் அரசாங்கத்துக்குப் போகும். தமிழ்நாட்டில் சென்னையிலும் கோவையிலும் மண்டல அலுவலகங்கள் உள்ளன.

யார் சேரலாம்? பணம் கட்ட வேண்டுமா?

முன்னாள் படைவீரராக ஓய்வூதியம் வாங்குகிறவர், அவர் இறந்திருந்தால் குடும்ப ஓய்வூதியம் வாங்கும் மனைவி, அவர்களைச் சார்ந்தவர்கள். 2003 ஏப்ரலுக்குப் பிறகு ஓய்வு பெற்றவர்களுக்கு இது கட்டாயம், ஓய்வு பெறும்போதே பணம் பிடித்துவிடுவார்கள். அதற்கு முன்னால் ஓய்வு பெற்றவர்கள் விருப்பப்பட்டால் சேரலாம். வாழ்நாளில் ஒரே ஒரு முறை கட்டினால் போதும். 2017 டிசம்பர் இறுதியில் மாற்றி அமைத்தபடி ஹவில்தார் வரை 30,000 ரூபாய், நாயிப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரை 67,000, அதிகாரிகளுக்கு 1,20,000. 1996 ஜனவரி 1-க்கு முன் ஓய்வு பெற்றவர்களும் போரில் கணவரை இழந்த பெண்களும் கட்ட வேண்டியதில்லை.

ஒன்றைக் கவனிக்கணும். ஓய்வூதியத்தோடு மாதாமாதம் ஒரு மருத்துவப்படி சிலருக்கு வரும். இந்தத் திட்டத்தில் சேர்ந்தால் அது நின்றுவிடும். "அந்த ஆயிரம் ரூபாய் போயிடுமே" என்று சேராமல் இருந்த ஒரு தாத்தாவை எனக்குத் தெரியும். இதய அடைப்பு வந்தபோது அவர் மகன் நிலத்தை அடகு வைத்தான். அந்தப் படியை நம்பி இருக்காதீர்கள், சேர்ந்துவிடுங்கள்.

ஓய்வூதியம் இல்லாதவர்களுக்கு எதுவுமே கிடையாதா?

பல வருஷம் அப்படித்தான் இருந்தது. 2019 மார்ச்சில் கதவு கொஞ்சம் திறந்தது. இரண்டாம் உலகப்போரில் பணியாற்றியவர்கள், அவசரகால நியமன அதிகாரிகள், குறுகிய காலப் பணி அதிகாரிகள், காலத்துக்கு முன்பே விலகி ஓய்வூதியம் பெறாதவர்கள் ஆகியோருக்கும் அனுமதி கொடுத்தார்கள். இரண்டாம் உலகப்போர் முடிந்து 74 வருஷம் கழித்து வந்த ஆணை அது. எத்தனை பேர் அதைப் பார்க்க உயிரோடு இருந்திருப்பார்கள் என்று நினைத்தால் இப்போதும் மனசு ஆறமாட்டேன் என்கிறது.

2022-இல் வந்த அக்னிபத் திட்டத்தில் நாலு வருஷம் பணி செய்து வெளியே வருகிறவர்களுக்கு ஓய்வூதியமும் இல்லை, இந்த மருத்துவத் திட்டமும் இல்லை. பையனை அனுப்பும் முன் இது தெரிந்திருக்க வேண்டும். வெளியே வந்ததும் தனியாக ஒரு மருத்துவக் காப்பீடு எடுத்துவிடச் சொல்லுங்கள்.

சார்ந்தவர்கள் என்றால் யார் யார்?

மனைவி அல்லது கணவர். வேலைக்குப் போகாத, கல்யாணம் ஆகாத மகன் 25 வயது வரை. வேலை இல்லாத, கல்யாணம் ஆகாத மகளுக்கு வயது வரம்பு இல்லை. விவாகரத்தாகியோ கணவரை இழந்தோ திரும்பி வந்து பெற்றோரை நம்பி இருக்கிற மகளும் சேரலாம். அம்மா அப்பாவுக்கு மாத வருமானம் இருவருக்கும் சேர்த்து 9,000 ரூபாயும் அதற்கான அகவிலைப்படியும் தாண்டக்கூடாது. ஊனமுற்ற பிள்ளைகளுக்குச் சலுகை 25 வயதோடு முடிவதில்லை. சான்றிதழ் மட்டும் சரியாக இருக்க வேண்டும்.

மகனுக்கு வேலை கிடைத்தாலும், மகளுக்குக் கல்யாணம் ஆனாலும் நீங்களே போய்ச் சொல்லிக் கார்டை நிறுத்திவிடுங்கள். பிறகு தெரிந்தால் செலவான பணத்தைக் கேட்பார்கள்.

அம்மா பேர் ஒவ்வொரு காகிதத்தில் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது. என்ன செய்வது?

எங்கள் வீட்டுக் கதையே இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

என் அம்மா பேர் கன்னியம்மாள். அப்பா கல்யாணம் முடிந்து யூனிட்டுக்குத் திரும்பி மனைவி பேரைப் பதிவு செய்யச் சொன்னபோது, எழுதிய கிளார்க்குக்குத் தமிழ் தெரியாது. காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் எழுதியிருக்கிறார். அது டிஸ்சார்ஜ் புத்தகத்தில், அதாவது பணி முடிந்து வரும்போது கொடுக்கிற புத்தகத்தில், 'கனியாமா' ஆகிவிட்டது. ரேஷன் கார்டில் கன்னியம்மா. ஆதாரில் கன்னியம்மாள், கூடவே அப்பா பேரின் முதலெழுத்து. முப்பது வருஷம் யாரும் கவனிக்கவில்லை. மருத்துவக் கார்டுக்கு இணையத்தில் விண்ணப்பித்தபோதுதான் திருப்பி அனுப்பினார்கள். "இந்தக் கனியாமா யார்?" என்று ஒரு அலுவலகத்தில் கேட்டார்கள். அம்மா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார், கையில் மஞ்சள் பையோடு. "நான்தாங்க" என்றார். அவர் சொன்னது அங்கே செல்லுபடியாகவில்லை.

சரி செய்ய வழி உண்டு. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி முன் பிரமாணப் பத்திரம் எடுத்து, ஆதார், கல்யாணச் சான்று, கூட்டுப் புகைப்படம் சேர்த்து மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அவருடைய ரெஜிமென்ட்டின் ரெக்கார்டு ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். அங்கே திருத்தம் பதிவானால் பி.பி.ஓ. என்கிற ஓய்வூதிய ஆணையிலும் மாறும். எங்களுக்கு ஒன்பது மாதம் ஆனது.

இதில் முக்கியம் என்னவென்றால், கணவர் உயிரோடு இருக்கும்போதே செய்துவிட வேண்டும். அவர் போட வேண்டிய ஒரு கையெழுத்தில் முடிகிற காரியம், அவர் போன பிறகு அந்த அம்மாவை வருஷக்கணக்கில் அலைய வைக்கும். இன்றைக்கு ராத்திரியே டிரங்குப் பெட்டியைத் திறந்து டிஸ்சார்ஜ் புத்தகம், பி.பி.ஓ., ஆதார், வங்கிப் புத்தகம் நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள். பிறந்த தேதியையும் பாருங்கள்.

பாலிகிளினிக்கில் மருந்து இல்லை என்கிறார்கள். வெளியே வாங்கினால் பணம் கிடைக்குமா?

கிடைக்க வழி உண்டு. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளைப் பெரும்பாலும் மாதத்துக்கு ஒரு முறை கொடுப்பார்கள். இருப்பு இல்லாவிட்டால் மருந்துச் சீட்டிலேயே 'இல்லை' என்று குறித்து முத்திரை வைத்துத் தரச் சொல்லுங்கள். பேச்சு வழக்கில் என்.ஏ. போடுவது என்பார்கள். எத்தனை நாளுக்கு வெளியே வாங்கலாம் என்பதை அங்கேயே கேட்டுக்கொண்டு, பில்லோடு திரும்பக் கொடுத்தால் பணம் கணக்குக்கு வரும். என்.ஏ. முத்திரை இல்லாத பில் குப்பைக்குத்தான் போகும்.

மாத்திரை இல்லாத நாட்களில் சாப்பிடாமல் இருந்துவிட்டு, "அடுத்த வாரம் வந்துடுமாம்" என்று சொல்கிற பெரியவர்கள் நிறைய. பட்டாளத்தில் கொடுத்ததைச் சாப்பிட்டு, கொடுக்காததைக் கேட்காமல் பழகியவர்கள். நாம்தான் கூடப் போய்க் கேட்க வேண்டும்.

நடுராத்திரி நெஞ்சுவலி. ரெஃபரல் இல்லாமல் போகலாமா?

தாராளமாகப் போகலாம். அவசரத்தில் ரெஃபரல், அதாவது பாலிகிளினிக் எழுதித் தரும் அனுப்புக் கடிதம், தேவையே இல்லை. அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரி என்றால் கார்டைக் காட்டிச் சேருங்கள். மற்றதை அவர்கள் இணையத்தில் தெரிவிப்பார்கள். முன்பணம் கேட்டால் கட்டாதீர்கள், பாலிகிளினிக் பொறுப்பு அதிகாரியைக் கூப்பிடுங்கள். அங்கீகாரம் இல்லாத ஆஸ்பத்திரிதான் பக்கத்தில் இருக்கிறதா? உயிர்தான் முக்கியம், அங்கேயே சேருங்கள். ஆனால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் போக வேண்டும். பணத்தை நாம் கட்டிவிட்டுத் திரும்பக் கேட்கலாம். மத்திய அரசு சுகாதாரத் திட்டத்தின் கட்டண அளவுக்குத்தான் வரும், முழுசும் வராது.

பக்கத்தில் எந்தெந்த ஆஸ்பத்திரிக்கு அங்கீகாரம் இருக்கிறது என்று இப்போதே விசாரித்துக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள். இந்தப் பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும், வருஷத்துக்கு இரண்டு முறையாவது கேளுங்கள்.

அப்பா யார் பேசினாலும் பதில் சொல்வதில்லை. கோபமா, காதா?

முதலில் காதைப் பாருங்கள். பீரங்கி, டாங்கி, விமான எஞ்சின் பக்கத்தில் வருஷக்கணக்கில் இருந்தவர்களுக்கு உள்காது நரம்பு கெடுவது சாதாரணம். கீச்சென்று உயர்ந்த சுருதியில் வரும் சத்தங்கள்தான் முதலில் போகும். பெண்கள், குழந்தைகள் குரல் கேட்காது, ஆம்பிளைக் குரல் கேட்கும். அதனால்தான் மருமகளுக்குப் பதில் சொல்லாதவர் மகனுக்குச் சொல்கிறார். வீட்டில் இதை வேறு மாதிரி அர்த்தப்படுத்திக்கொண்டு சண்டை வளர்ந்துவிடும். எங்கள் வீட்டிலும் வளர்ந்தது.

கேட்கும் திறன் சோதனை எடுத்து, காது மூக்கு தொண்டை மருத்துவர் எழுதிக் கொடுத்தால் காது கருவிக்குத் திட்டத்தில் உச்சவரம்புக்கு உட்பட்டுப் பணம் உண்டு. அப்பாவுக்குக் கருவி மாட்டிய அன்று சாயங்காலம் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர் திடீரென்று, "குக்கர் மூணு விசில் வந்துடுச்சு, அணைக்கலையா?" என்றார். அம்மா அடுப்பங்கரையிலேயே நின்றுவிட்டார். எத்தனையோ வருஷமாக அந்த வீட்டில் விசில் எண்ணியது அம்மா ஒருத்தர்தான்.

தீபாவளி வெடிக்குத் திடுக்கிடுகிறார், ராத்திரி கத்திக்கொண்டு எழுகிறார். இதற்கெல்லாம் டாக்டரா?

ஆமாம், டாக்டர்தான். பட்டாளத்துக்காரன் அழமாட்டான் என்று சொல்லியே நாம் பலரைப் பேசவிடாமல் செய்துவிட்டோம். பார்த்ததும் செய்ததும் வருஷங்கள் கழித்துத் தூக்கத்தில் திரும்பி வருவது நோய்தான், அதற்குச் சிகிச்சை உண்டு. நேரில் போகத் தயங்கினால் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. படைவீரர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் என்று அந்தச் சேவையின் தனிப் பிரிவு ஒன்று 2023 டிசம்பரில் புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் தொடங்கப்பட்டது.

இதில் இலங்கைக்குப் போய் வந்தவர்கள் நிலைமை தனி. 1987 முதல் 1990 வரை அங்கே இருந்த அமைதிப்படையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் இறந்தார்கள். 1990 மார்ச்சில் கடைசி அணி சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது மாநில அரசின் வரவேற்பு இல்லை. அந்தப் படையால் ஈழத்தமிழர் பட்ட துன்பம் உண்மை, யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் நோயாளிகளும் ஊழியர்களும் கொல்லப்பட்டதை யாரும் மறக்கவும் கூடாது. தன் மொழி பேசுகிறவர்கள் நடுவே துப்பாக்கியோடு நிறுத்தப்பட்ட தமிழ்ச் சிப்பாய்களும் அதில் இருந்தார்கள். அவர்களில் பலர் இதைப்பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. அப்படி ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், நியாயம் கேட்காமல் பக்கத்தில் உட்காருங்கள். பேசினால் கேளுங்கள்.

கை கால் இழந்தவர்களுக்கு?

புனேயில் 1944 முதல் செயற்கை உறுப்பு மையம் இருக்கிறது. தண்டுவடம் அடிபட்டுப் படுக்கையில் ஆனவர்களுக்குப் புனே கிர்க்கியிலும் மொகாலியிலும் மறுவாழ்வு இல்லங்கள் உள்ளன. ஊனம் பணியால் வந்தது அல்லது பணியால் கூடியது என்று மருத்துவக் குழு ஒத்துக்கொண்டால் தனியாக ஊன ஓய்வூதியம் உண்டு. மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் பிறகு ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது, சென்னையிலேயே ஒரு அமர்வு உண்டு.

கணவர் இறந்த பிறகு கார்டு என்ன ஆகும்?

அவருடைய கார்டை நிறுத்த வேண்டும். மனைவியின் உரிமை போகாது, குடும்ப ஓய்வூதியம் வாங்கத் தொடங்கியதும் அவர் பேரிலேயே முதன்மை உறுப்பினராக மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். ஓய்வூதியத்துக்கு இப்போது ஸ்பர்ஷ் என்ற இணைய முறை. வருஷத்துக்கு ஒருமுறை உயிர்ச்சான்று கொடுக்காவிட்டால் பணம் நின்றுவிடும்.

கொடிநாள் என்று பள்ளிக்கூடத்தில் காசு வாங்குகிறார்களே, அது எங்கே போகிறது?

1949 முதல் டிசம்பர் 7 படைவீரர் கொடிநாள். அதில் சேர்கிற நிதி போரில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் முன்னாள் வீரர்களுக்கும் உதவித்தொகையாகப் போகிறது. இதற்கு விண்ணப்பிக்கிற இடமும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம்தான். ஓய்வூதியம் இல்லாத ஏழை முதியவர்கள் அங்கே ஒருமுறை போய்க் கேட்பது நல்லது. கொடி குத்திக்கொண்டு வருகிற பிள்ளையிடம், பக்கத்துத் தெருத் தாத்தா எந்த ரெஜிமென்ட் என்று தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

இறந்தவர்களின் பேர் எங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது? போய்ப் பார்க்க முடியுமா?

டெல்லியில் தேசியப் போர் நினைவகம் 2019 பிப்ரவரி 25-இல் திறக்கப்பட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு இறந்த வீரர்களின் பேர்கள், 25,000-க்கும் மேல், தியாகச் சக்கரம் என்ற வட்டச் சுவர்களில் கருங்கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. சாயங்காலங்களில் இறந்த ஒரு வீரரின் குடும்பத்தார் மலர்வளையம் வைக்கும் நிகழ்ச்சி அங்கே நடக்கும். டெல்லிக்குப் போகிறவர்கள் அந்த நேரத்துக்குப் போங்கள்.

நம் பக்கத்தில் சென்னைக் கோட்டை அருகே போர் நினைவுச் சின்னம், நந்தம்பாக்கத்தில் இரண்டாம் உலகப்போர்க் கல்லறைத் தோட்டம். திருச்சியில் மேஜர் மாரியப்பன் சரவணனுக்கு நினைவிடம் இருக்கிறது. கார்கில் போரில் 1999 மே 29 அன்று பட்டாலிக்கில் இறந்தவர். அவருடைய உடல் வீட்டுக்கு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. 2020 ஜூனில் கல்வானில் இறந்த ராமநாதபுரத்து ஹவில்தார் பழனிக்கு வீர் சக்ரா கொடுத்தார்கள்.

பேரைக் கல்லில் எழுதுவது நமக்குப் புதிதில்லை. செங்கம் பக்கத்தில் எடுத்தனூர் நடுகல்லைப் பாருங்கள், ஏழாம் நூற்றாண்டு, மகேந்திரவர்மன் காலம். மாடு மீட்கும் சண்டையில் இறந்த கருந்தேவக்கத்தி என்பவனின் பேர் அதில் இருக்கிறது. கூடவே நின்று இரண்டு கள்ளரைக் கடித்த நாயின் பேரும் இருக்கிறது: கோவிவன். நாயின் பேரைக்கூடத் தப்பாமல் எழுதி வைத்தவர்கள் நம் ஊர்க்காரர்கள்.

தாத்தாவின் அப்பா முதல் உலகப்போருக்குப் போனார் என்கிறார்கள். எப்படித் தெரிந்துகொள்வது?

வேலூர் லாங்கு பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. இங்கிருந்து 277 பேர் பெரும்போருக்குப் போனார்கள், 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். எண்ணிக்கை மட்டும்தான், பேர் இல்லை. கீழே பூக்கடையும் பழக்கடையும் நெரியும். நான் பல வருஷம் அதன் அடியில் நின்று கீரை வாங்கியும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் தேடலாம். பலருக்கு அப்பா பேரும் ஊர்ப் பேரும்கூட இருக்கும். எழுத்து மாறியிருக்கும், அதனால் ஒரே பேரை நாலைந்து விதமாகப் போட்டுப் பாருங்கள். உயிரோடு திரும்பி வந்தவர்களைத் தேடுவது இதைவிடக் கடினம். அவர்கள் பற்றி வீட்டில் இருக்கிற பதக்கத்தின் விளிம்பில் நம்பரும் பேரும் பொறித்திருக்கலாம். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், பாலிஷ் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்.

இப்போது உயிரோடு இருப்பவரைப் பற்றி என்ன எழுதி வைக்க வேண்டும்?

நம்பர், பதவி, பேர், யூனிட், சேர்ந்த தேதி, வந்த தேதி, எந்தெந்த ஊர், கூட இருந்தவர்கள் பேர். ஒரு நோட்டு போதும். மருந்து ஒவ்வாமை, ஆபரேஷன் விவரங்களையும் அதிலேயே எழுதுங்கள், ஆஸ்பத்திரிக்கும் உதவும்.

எல்லாம் மறந்து போனவர்களுக்கும் ஆர்மி நம்பர் மறக்காது. அப்பாவுக்கு இப்போது சில நாள் என் பேர் தட்டுப்படுவதில்லை. போன மாதம் ராத்திரி, காது கருவியைக் கழற்றி டப்பாவில் வைத்த பிறகு, நோட்டை எடுத்துக்கொண்டு போய் 'உங்க நம்பர்?' என்று எழுதிக் காட்டினேன். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு படித்தார். கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நம்பர், பதவி, பேர் என்று அதே வரிசையில், தெரு முனை வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னார். பிறகு பேனாவை வாங்கி, நான் எழுதியதில் ஒரு எண்ணை அடித்துத் திருத்தினார்.